வயிற்றுப் பிள்ளையோடு மும்பையில்

மும்பை லோக்கலில் பெண்கள் பெட்டிக்குள் ஏறியவளிடம் யாரும் பெயரையோ ஊரையோ கேட்பதில்லை. நிற்பவள் உட்கார்ந்திருப்பவளிடம் கேட்பது ஒன்றுதான்: "கஹாங் உதர்னா ஹை?" எங்கே இறங்கணும்? காட்கோபர் என்று அவள் சொல்லிவிட்டால், காட்கோபரில் அந்த இடம் கேட்டவளுக்குச் சொந்தம். வேறொருத்தி முந்திக் கேட்டு வைத்திருந்தால் "போலா ஹை" என்று பதில் வரும். அடுத்த வரிசையில் கேட்க வேண்டியதுதான். எழுதி வைத்த சட்டம் எதுவும் கிடையாது. நாளொன்றுக்கு ஏறக்குறைய எழுபது லட்சம் பேரைச் சுமக்கிற ரயில்களில், பெண்கள் தங்களுக்குள் வாய்வார்த்தையாகச் செய்துகொண்ட ஏற்பாடு இது. இதோடு ஒட்டிப் பிறந்தது நான்காவது சீட். மூன்று பேருக்கான பலகையில் மூவரும் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தால், ஓரத்தில் பாதி உடம்பைச் சாய்த்துக்கொள்ள ஒருத்திக்கு இடம் கிடைத்துவிடும். "தோடா கிஸ்கோ" என்றால் போதும். முகம் சுளித்துக்கொண்டாவது நகர்வார்கள். நகராமல் இருப்பவர்கள் மிகக் குறைவு.

நான் கர்ப்பமாக இருந்த மாதங்களில் இந்த இரண்டு ஏற்பாடுகளையும் நம்பித்தான் வீட்டை விட்டு வெளியே வந்தேன்.

வீடு முலுண்டில், வேலை ஃபோர்ட் பக்கம். தாணேயிலிருந்து புறப்படும் ஸ்லோ வண்டிக்கு முலுண்ட்தான் அடுத்த நிறுத்தம் என்பதால் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16-இல் போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடிய அதே தடம். கரு உறுதியானதும் திருநெல்வேலியிலிருந்து அம்மா போனில் சொன்னது இதுதான்: "ஏட்டி, மூணு மாசம் முடியிற வரைக்கும் அந்த ரயில்ல ஏறாத. வேலைக்கு லீவு சொல்லிட்டு வீட்ல கெட." டாக்டரம்மா சொன்னது வேறு. சிக்கல் எதுவும் இல்லாத கர்ப்பம். நடக்கலாம், வேலைக்குப் போகலாம், படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்க வேண்டும், கதவருகே நிற்கக் கூடாது, தண்ணீர் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். டாக்டரம்மா சொன்னதைக் கேட்டேன். அம்மாவின் பயமும் எனக்குப் புரிந்தே இருந்தது. 2017 செப்டம்பர் 29-ஆம் தேதி எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நெரிசலில் 23 பேர் இறந்த செய்தியை அவள் டிவியில் பார்த்திருந்தாள். அந்த நிலையத்துக்கு இப்போது பிரபாதேவி என்று பெயர். அந்த விபத்துக்குப் பிறகு எத்தனையோ பாலங்களை அகலமாக்கினார்கள், எஸ்கலேட்டர் வைத்தார்கள். ஆனாலும் வண்டி வந்து நின்ற ஐந்து நிமிடத்துக்குப் பாலத்தில் கால் வைக்காமல், பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கூட்டத்தை வடிய விடுவது என் வழக்கமாயிற்று. கர்ப்பிணிகள் எல்லோரிடமும் நான் சொல்லும் முதல் யோசனையும் இதுவே.

வயிறு தெரியத் தொடங்கிய பிறகு கவலையில்லை; பெட்டியே எழுந்து இடம் கொடுக்கும். தெரியாத முதல் மூன்று மாதங்கள்தான் பாடு. தலைசுற்றல், குமட்டல், மே மாத வெக்கை எல்லாம் அப்போதுதான். ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்கு நாம் நன்றாகத்தான் இருப்போம். லண்டனில் 2005-லிருந்து கர்ப்பிணிகளுக்கு வட்டமான பேட்ஜ் ஒன்றைத் தருகிறார்கள். ஜப்பானிலும் 2006-லிருந்து அப்படியொரு சின்னம் இருக்கிறது. பையிலோ சட்டையிலோ மாட்டிக்கொண்டால் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. மும்பையில் வாய் திறந்துதான் கேட்க வேண்டும். கூச்ச சுபாவமுள்ள பெண்ணுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நம் ஊர் ரயில்களுக்கும் பேருந்துகளுக்கும் அப்படியொரு பேட்ஜ் வர வேண்டும் என்பது என் ஆசை.

எனக்காக வாய் திறந்தவள் ஒரு கிளிப் விற்கும் பெண். மும்பைப் பெண்கள் பெட்டியில் இவர்கள் இல்லாமல் காலையும் இல்லை, மாலையும் இல்லை. ஒரு ஆள் உயரத்துக்கு இரும்பு வளையம் ஒன்றில் கம்மல், ஹேர்பேண்ட், சேஃப்டி பின் எல்லாம் தொங்கும். அதைக் கைப்பிடிக் கம்பியில் மாட்டிவிட்டால் அந்த இடம் கடையாகிவிடும். அன்று விக்ரோலி தாண்டி, கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, நகத்தால் தோலைக் கீறி, என் மூக்கருகே நீட்டினாள். பிறகு ஜன்னலோரம் இருந்த கல்லூரிப் பெண்ணின் தோளைத் தட்டி, "ஏ பேட்டி, உட். இஸ்கோ பிட்டா" என்றாள். அந்தப் பெண் காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றிக்கொண்டே எழுந்துவிட்டாள். குர்லா வரை எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போனேன். அதற்குப் பிறகு எந்தப் பெட்டியில் பார்த்தாலும் "தபியத் கைஸி?", உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்காமல் அவள் தாண்டிப் போனதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பலருக்குத் தெரியாது. மாற்றுத்திறனாளிகளுக்கென்று லோக்கலில் இருக்கும் தனிப் பெட்டியில் கர்ப்பிணிகளும் புற்றுநோயாளிகளும் ஏறலாம். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள் பரேலில் உள்ள டாட்டா மருத்துவமனைக்குப் போக ஏறும் பெட்டி அது. எட்டாம் மாதத்தில் நெரிசல் நேரத்தில் நான் அதில்தான் போனேன்.

செக்கப் நாட்களெல்லாம் எனக்குச் சுற்றுலா நாட்கள். டாக்டரம்மாவின் கிளினிக் மாட்டுங்காவில். சென்ட்ரல் லைன் மாட்டுங்கா நிலையத்தில் 2017-லிருந்து டிக்கெட் கவுண்டர், அறிவிப்பு, பாதுகாப்பு, நிலைய மேலாளர் நாற்காலி என்று எல்லாப் பொறுப்பிலும் பெண்கள். லிம்கா சாதனைப் புத்தகத்திலும் அது இடம்பெற்றது. வெளியே வந்தால் மல்லிகைப் பூ, வாழையிலை, வடுமாங்காய், கருவேப்பிலை, பூஜைச் சாமான். கடைக்காரர் தமிழில் விலை சொல்வார், பக்கத்தில் நிற்கும் குஜராத்தி அம்மாவும் தமிழில் பேரம் பேசுவார். 1896-இல் பம்பாயில் பிளேக் வந்து நகரமே கலங்கிப் போனபோது, நெருக்கடியான பழைய ஊரிலிருந்து மக்களை வெளியே குடியேற்ற 1898-இல் ஒரு மேம்பாட்டு டிரஸ்ட்டை அமைத்தார்கள். அது திட்டமிட்டுக் கட்டிய பகுதிதான் தாதர்-மாட்டுங்கா. அகலத் தெருக்களும் காற்றோட்டமுள்ள வீடுகளும் உருவானபோது, குமாஸ்தா வேலைக்கும் டைப்பிஸ்ட் வேலைக்கும் ரயிலேறி வந்த தென்னிந்தியர்கள் இங்கே நிறையப் பேர் குடியேறினார்கள். கோயில், பள்ளிக்கூடம், மெஸ் எல்லாம் அவர்கள் பின்னால் வந்தன.

மசக்கையில் எதை நினைத்தாலும் குமட்டிய வாரங்களில் ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் நாக்கு ஏங்கியது: ரசம். மாட்டுங்கா மார்க்கெட்டை ஒட்டி மாடியில், 1942-இல் தொடங்கிய ராமா நாயக் உடுப்பி போர்டிங் இருக்கிறது. வாழையிலைச் சாப்பாடு. ரசம் கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். என் இலைப் பக்கம் வந்த பெரியவர் முகத்தைப் பார்த்துவிட்டு, டம்ளரில் தனியாக ரசம் வைத்துவிட்டுப் போனார். கஃபே மெட்ராஸின் ரச வடை இதற்கு அடுத்தபடி. ஞாயிற்றுக்கிழமை அங்கே தெருவெல்லாம் கூட்டம் காத்திருக்கும். வாரநாள் காலையில் போனால் சீக்கிரம் இடம் கிடைக்கும்.

சாப்பிட்ட பிறகு நடை. அதற்கு ஃபைவ் கார்டன்ஸ் போல ஒரு இடம் மும்பையில் எனக்குக் கிடைக்கவில்லை. தாதர் பார்சி காலனியை உருவாக்கிய மஞ்சேர்ஜி ஜோஷியின் பெயரைத் தாங்கிய ஐந்து பூங்காக்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. காலனித் தெருக்களில் மரங்களை வரிசை வரிசையாக நட்டிருக்கிறார்கள். மே மாத மத்தியானத்திலும் தரையில் வெயில் விழுவது குறைவு. கர்ப்பிணிக்கு ஒரு பூங்கா நல்ல பூங்காவா என்பதை மூன்று விஷயங்களை வைத்துச் சொல்லலாம்: நிழல், முதுகு சாய்க்கிற பெஞ்ச், பக்கத்தில் கழிப்பறை. முதல் இரண்டுக்கு ஃபைவ் கார்டன்ஸுக்கு முழு மதிப்பெண்.

மூன்றாவதுக்கு மும்பையின் எந்த மூலைக்கும் முழு மதிப்பெண் தர முடியாது. ஏழு மாதத்துக்கு மேல் கர்ப்பப்பை சிறுநீர்ப்பையை அழுத்துகிறது. ஒரு மணிநேரம் தாங்கினால் பெரிது. எங்கே போகலாம் என்று யோசிப்பதற்கு முன், அங்கே கழிப்பறை உண்டா என்று யோசிக்க வேண்டியிருந்தது. தண்ணீரைக் குடிக்காமல் சமாளிக்கும் பெண்களை அலுவலகத்திலேயே பார்த்திருக்கிறேன். கர்ப்பிணி அப்படிச் செய்யவே கூடாது. சிறுநீர்த் தொற்று வந்தால் குறைப்பிரசவம் வரை கொண்டுபோகும். 2011-இல் மும்பையில் பெண்கள் 'ரைட் டு பீ' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஆண்கள் சிறுநீர் கழிக்கக் காசு தர வேண்டியதில்லை, பெண்களிடம் மட்டும் ஏன் வாங்குகிறீர்கள் என்பது அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று. அதே ஆண்டில் ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் சேர்ந்து எழுதிய 'ஒய் லாய்ட்டர்' என்ற புத்தகமும் வந்தது. இந்த நகரத்தில் ஒரு பெண் வெளியே நின்றால் வேலைக்கோ கடைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போவதாகக் காரணம் காட்ட வேண்டியிருக்கிறது. காரணமே இல்லாமல் சும்மா நிற்பதற்கும் அவளுக்கு உரிமை உண்டு என்பது அவர்கள் வாதம். கர்ப்பிணிக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். டாக்டரிடம் போகிறேன் என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். கடற்கரைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்றால், "இந்த நேரத்துலயா?" அந்த நேரத்தில்தான் மனசுக்குக் கடற்கரை அதிகம் வேண்டியிருந்தது. கழிப்பறை இருக்கும் இடங்களைப் பார்த்துப் பார்த்துப் போனில் குறித்துக்கொண்டேன். அந்தப் பட்டியலை இப்போது மாதமாக இருக்கும் தோழிகளுக்கெல்லாம் அனுப்புகிறேன்.

மழைக்காலத்தில், ஐந்தாம் மாதம், மரீன் டிரைவ். சர்ச்கேட்டில் இறங்கினால் கொஞ்ச தூர நடை. கடல் முன்னால் விரியும். வளைந்து போகும் அந்தச் சாலை மூன்றரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நெடுகிலும் கடலைப் பார்த்தபடி உட்கார ஒரே சுவர். நகரத்தில் வேறெங்கே இவ்வளவு நீளப் பெஞ்ச் இருக்கிறது! ஆனால் மழைக்காலத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. நாலரை மீட்டருக்கு மேல் அலை எழும் நாட்களின் பட்டியலை மாநகராட்சி முன்கூட்டியே வெளியிடுகிறது. அந்த நாட்களில் தண்ணீர் சுவரைத் தாண்டி நடைபாதையில் வந்து விழும், தரை வழுக்கும். பட்டியலைப் பார்த்து, கடல் வற்றும் நேரமாகத்தான் போவோம். வழியில் கே. ருஸ்தமில் இரண்டு வேஃபர் பிஸ்கட்டுக்கு நடுவே செங்கல் போல வெட்டி வைத்த ஐஸ்கிரீம். சுவரில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் குழந்தை முதன்முதலாக அசைந்தது எனக்குத் தெரிந்தது. குளிர்ச்சியினாலா, இனிப்பினாலா, அது அசைய வேண்டிய வாரம் வந்துவிட்டதாலா, எதுவாக இருந்தால் என்ன. என் கணவர் கையை எடுத்து வயிற்றில் வைத்தேன். வெளியிலிருந்து தெரிகிற அளவுக்கு அசைவு இன்னும் வரவில்லை. ஆனாலும் அவர் கையை எடுக்கவில்லை.

கிர்காவ் சௌபாத்திக் கடற்கரையில் பேல்பூரி வேண்டும் என்று நான் கேட்டபோதுதான் வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. அதில் நியாயம் இருக்கிறது. அசுத்தத் தண்ணீரில் பரவும் ஹெபடைட்டிஸ் ஈ என்ற காமாலை, மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சில வாரத்தில் தானாகக் குணமாகிவிடும். கர்ப்பிணிக்கு, அதுவும் ஏழு மாதத்துக்கு மேல் வந்தால், உயிருக்கே ஆபத்து. அதனால் பானிபூரி இல்லை, கரும்புச்சாறு இல்லை, ஐஸ் போட்ட கோலா இல்லை. மழை நாளில் வாய் ஊற ஊற அந்தக் கடைகளைத் தாண்டிப் போயிருக்கிறேன். பேல் கடைக்காரரிடம் சொன்னேன்: தண்ணீர் பட்டது எதுவும் வேண்டாம். அவர் என்னையும் வயிற்றையும் பார்த்து, "சூக்கா பனாத்தா ஹூங், பெஹன்" என்றார். ஈரமில்லாமல் செய்து தருகிறேன், சகோதரி. திறந்து கிடந்த பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு, புது டப்பாவிலிருந்து பொரியை எடுத்தார். வறுத்த கடலை, மெல்லிய சேவ், உடைத்த பூரி. என் கண் முன்னாலேயே ஒரு வெங்காயத்தை உரித்து, மாங்காய் ஒன்றைத் தோல் சீவிப் பொடிப்பொடியாக அரிந்தார். இரண்டு சட்னிக் கிண்ணங்களையும் தொடவில்லை. எலுமிச்சை மட்டும் பிழிந்து, பாத்திரத்தை ஒரு குலுக்குக் குலுக்கி, காகிதக் கூம்பில் கொட்டி, கரண்டிக்குப் பதில் தட்டையான ஒரு பூரியைச் செருகிக் கொடுத்தார். மாங்காயின் புளிப்பு பல்லில் ஏறியது. மசக்கை நாக்குக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

காலை நேரத்து இட்லியையும் சொல்லாமல் விட முடியாது. ரப்பர் ஹார்னை அமுக்கிக்கொண்டு சைக்கிளில் இட்லி, மெதுவடை கொண்டுவருவார்கள். மும்பை முழுக்க அந்தச் சத்தம் தெரியும். அவர்களில் ஏராளமானோர் தாராவித் தமிழர்கள். விடியும் முன்பே அங்கே அடுப்பு எரியத் தொடங்கிவிடும். எங்கள் தெருவுக்கு வருகிற அண்ணனுக்கு ஊர் தென்காசிப் பக்கம். மாடியில் இருக்கும் நான் இறங்கி வர நேரமாகும் என்று, மாதம் ஏற ஏற வாட்ச்மேனிடம் பொட்டலத்தைக் கொடுத்தனுப்பத் தொடங்கினார். காசை மாதக் கடைசியில் வாங்கிக்கொள்வார்.

செப்டம்பரில் பாந்திரா. மவுண்ட் மேரி தேவாலயத்துக்கு மாதா பிறந்தநாளான 8-ஆம் தேதியை ஒட்டித் திருவிழா; அந்த வாரம் பாந்திரா முழுக்கக் கூட்டம். விழாக்கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்த வாரத்தில் போனோம். வாசலில் மெழுகு உருவங்கள் விற்கிறார்கள். கால் வலிக்கு மெழுகுக் கால், வீடு வேண்டுமானால் மெழுகு வீடு, பிள்ளை வேண்டினால் உள்ளங்கை அளவு மெழுகுக் குழந்தை. வாங்குகிறவர்களில் கிறிஸ்தவர்களை விட மற்றவர்கள் அதிகமோ என்று தோன்றியது. நான் அங்கே நின்றபோது வேளாங்கண்ணி நினைவு வந்தது; அங்கேயும் அதே நாளில்தான் திருவிழா, நேர்த்திக்கடனும் இதே போலத்தான். பிள்ளையில்லாத பெரியம்மாவுக்காக ஆச்சி வேளாங்கண்ணிக்கு நடந்து போனதை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் குழந்தை உருவம் ஒன்று வாங்கினேன். விற்ற அம்மா அதை நியூஸ்பேப்பரில் சுற்றித் தரும்போது, "ஏழாவது மாதமா? படி அதிகம், மெதுவாக ஏறு" என்று இந்தியில் சொன்னார்.

நவராத்திரியில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறம் என்று மும்பைப் பத்திரிகைகள் போடும். காலை வண்டியில் ஏறினால் பெட்டி முழுக்க அன்றைய நிறம்: வங்கி அதிகாரி, நர்ஸ், துப்புரவுப் பணியாளர், கல்லூரி மாணவி எல்லோரும் ஒரே மஞ்சளில், ஒரே நீலத்தில். அப்படியொரு பச்சை நாளில், தினமும் என்னோடு அதே வண்டியில் வரும் தோழிகள் எனக்கு டோஹாளே ஜேவண் செய்தார்கள். மகாராஷ்டிரத்தில் ஏழாம் மாதத்தில் கர்ப்பிணிக்கு ஆசைப்பட்டதையெல்லாம் சமைத்துப் போட்டுக் கொண்டாடும் சடங்கு. நம் வளைகாப்புக்கு உடன்பிறப்பு. எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. பாண்டுப்பில் ஏறிய அனைவர் கையிலும் பை. ரஜனிகந்தாப் பூவில் கட்டிய கிரீடம், கைக்கு வங்கி, கழுத்துக்கு மாலை. எல்லாவற்றையும் காட்கோபர் வருவதற்குள் எனக்குப் போட்டுவிட்டார்கள். நாங்கள் காகூ என்று அழைக்கும் மூத்தவர், மடியில் தேங்காயும் அரிசியும் ரவிக்கைத் துணியும் இட்டு ஓட்டி நிரப்பினார். குஜராத்திப் பெண் ஒருத்தி பச்சைக் கண்ணாடி வளையல்களைக் கையில் ஏற்றினாள். நின்றிருந்தவர்கள் கைதட்டிப் பாடினார்கள். அந்த மராத்திப் பாட்டு எனக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. தரையில் உட்கார்ந்து கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்த அக்காள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் கன்னத்தை வழித்தாள்.

மூடிய இரண்டு கிண்ணங்களை நீட்டி ஒன்றைத் தொடச் சொன்னார்கள். ஒன்றில் பேடா, ஒன்றில் பர்ஃபி. பேடா வந்தால் ஆண், பர்ஃபி வந்தால் பெண் என்று கணக்கு. எனக்கு வந்தது பர்ஃபி. பெட்டி முழுக்க ஆரவாரம். காகூ உரக்கச் சொன்னார், லட்சுமி வருகிறாள் என்று. இந்த ஆரவாரம் எனக்கு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லியாக வேண்டும். கருவிலேயே பெண்ணைக் கண்டுபிடித்து அழித்த கொடுமையைத் தடுக்க, நாட்டிலேயே முதலில் 1988-இல் சட்டம் கொண்டுவந்தது மகாராஷ்டிரம். நாடு முழுமைக்குமான சட்டம் 1994-இல் வந்தது. ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் எல்லாம் அந்த அறிவிப்புப் பலகை தொங்குகிறது. பர்ஃபிக்குக் கைதட்டிய பெண்கள் நிறைந்த அந்தப் பெட்டியைப் பார்க்க எனக்குக் கண் கலங்கிவிட்டது. சயான் வந்தபோது இலையில் வைத்த சாபுதானா வடை கைக்கு வந்தது. ஃபோர்ட் வரை அந்தப் பூக்கிரீடத்தோடேயே போனேன்; நான் இறங்கும் சிஎஸ்எம்டி நிலையத்தில் டிக்கெட் பரிசோதகர் பெண்மணி சல்யூட் அடித்தார்.

அக்டோபர் வெக்கையில் ராணி பாக். 1862-இல் விக்டோரியா கார்டன்ஸ் என்று திறந்த தோட்டம். இப்போது வீரமாதா ஜீஜாபாய் போஸ்லே உத்யான். பைகுல்லாவில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் வந்துவிடும். உள்ளே போகும் முன்பே பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்தை ஒட்டி ஒரு கல் யானை நிற்கும். எலிஃபண்டா என்று போர்த்துக்கீசியர் காராபுரித் தீவுக்குப் பெயர் வைக்கக் காரணமான யானை இதுதான். ஆங்கிலேயர் கப்பலேற்றிக் கொண்டுபோக முயன்றபோது விழுந்து நொறுங்கியது. துண்டுகளை 1914-இல் ஒட்டவைத்தார்கள். ஒட்டிய கோடுகள் உடம்பெல்லாம் தெரிகின்றன.

உள்ளே எல்லோரும் போவது பென்குயின் கூடத்துக்கு. 2016-இல் தென்கொரியாவிலிருந்து வந்தவை ஹம்போல்ட் பென்குயின்கள். பெரு, சிலி கடற்கரைகளைச் சேர்ந்த இனம். குளிரூட்டிய கூடம் என்பதால் எட்டு மாத வயிற்றோடு வெளியே வர மனம் வரவில்லை. இங்கேயே குஞ்சுகளும் பொரித்திருக்கின்றன. இந்த இனத்தில் ஆணும் பெண்ணும் மாறி மாறி, ஏறக்குறைய நாற்பது நாள் அடைகாக்கின்றன; குஞ்சுக்கு இரை ஊட்டுவதும் இரண்டும் சேர்ந்தே. கண்ணாடிக்கு முன்னால் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு டீச்சர் இதை விளக்கிக்கொண்டிருந்தார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருந்தார். தனியார் நிறுவனம், தந்தைக்கான விடுப்பு ஒரு வாரம் மட்டும். எனக்குச் சட்டப்படி 26 வாரம். ஒரு வாரத்தில் ஒரு தகப்பன் எதைக் கற்றுக்கொள்வான் என்ற கேள்வியோடு வெளியே வந்து, ஆனைப்புளிய மரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போகவில்லை. டாக்டரம்மா இங்கே, வண்டித் தோழிகள் இங்கே; அம்மாவை இங்கே வரச் சொன்னோம். நவம்பரில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வந்து கல்யாணில் இறங்கினாள். முதல் செக்கப்புக்கு டாக்ஸி பிடிக்கச் சொன்னவளைப் பதினொரு மணிக்கு மேல், கூட்டம் குறைந்த ஸ்லோ வண்டியில் கூட்டிப்போனேன். ஏறியதும் எனக்கு இரண்டு பேர் எழுந்தார்கள். அதில் ஒரு இடத்தில் அம்மா. பாண்டுப்பில் ஏறியவள் குனிந்து அம்மாவிடம் கேட்டாள். அம்மா என்னைப் பார்த்தாள். "எங்க இறங்கணும்னு கேக்கா" என்றேன். "மாட்டுங்கா" என்று அம்மா கம்பீரமாகச் சொன்னாள். மாட்டுங்காவில் எழுந்தபோது அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துத் தானே உட்கார வைத்துவிட்டுத்தான் இறங்கினாள். பூக்கடையில் நின்ற அம்மாளுக்குச் சொந்த ஊர் வள்ளியூர் என்று தெரிந்ததும் பேச்சு நீண்டுவிட்டது; செக்கப்புக்கு நேரமாயிற்று என்று நான்தான் இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

இப்போது போனில் அத்தையிடமும் சித்தியிடமும் மும்பை ரயிலைப் பற்றி அம்மாதான் பேசுகிறாள். ஃபைவ் கார்டன்ஸ் பார்த்தாயிற்று, ராமா நாயக்கில் ரசம் குடித்தாயிற்று. சூக்கா பேலுக்கு மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை. பென்குயின் கதையை நேற்று ராத்திரி சொன்னேன். "ஆம்பளப் பறவ அடகாக்குமா? நெசமாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ராணி பாக்குக்குப் புதன்கிழமை விடுமுறை என்பதால் வியாழக்கிழமை போவதாக முடிவு. டாக்டரம்மாவிடம் கேட்டாயிற்று, கழிப்பறை பக்கத்தில் இருக்கிறது, உட்கார பெஞ்சு இருக்கிறது, பிரசவ ஃபைலும் துணிப் பையும் கையோடு வரும். மாப்பிள்ளையும் அரைநாள் லீவு போட்டுக் கட்டாயம் வர வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு.